உட்காரும்போது "அப்பாடா": எந்த வயதில் ஆரம்பித்தது?

கேள்வி, ஜூன் 18, 2024

எனக்கு 44 வயது. நேற்று நாற்காலியில் உட்காரும்போது என்னை அறியாமல் "அப்பாடா" என்று வாயில் வந்துவிட்டது. பையன் சிரிக்கிறான். உட்காரச் சத்தம் போட ஆரம்பிக்கிற நாள்தான் கிழத்தனத்தின் முதல் நாள் என்பது என் கட்சி. மறுப்பவர் உண்டா?

ஜூன் 18, இரவு 9:50

உண்டு. 44 எல்லாம் ஒரு வயசா? எனக்கு 60. மே மாதக் கடைசி நாளில்தான் மாலை போட்டு, ஒரு சுவர்க் கடிகாரமும் கையில் கொடுத்து அனுப்பினார்கள். (இனி எனக்கு எதற்கு மணி என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.) வீடு பாண்டி முதலியார்பேட்டை, வேலை கடலூர் மஞ்சக்குப்பம். 31 வருஷம் பஸ்ஸில் போய் வந்தவன்.

எனக்கு "அப்பாடா" ஆரம்பித்தது 52-ல். நன்றாக நினைவிருக்கிறது. கடலூரிலிருந்து திரும்பும் பஸ்ஸில், பெண்ணையாற்றுப் பாலத்தில், ஒருவர் எழுந்து சீட் கொடுத்தார். உட்கார்ந்தேன், வந்தது. சீட் கொடுத்தவருக்கும் என் வயதுதான் இருக்கும். அதுதான் வலித்தது.

ஜூன் 18, இரவு 10:20

மேலே எழுதியது தப்பு. வீட்டுக்காரி படித்துவிட்டு, "52-ஆ? தானே புயல் அப்பவே சொல்லிக்கிட்டுதான் இருந்தீங்க" என்கிறாள். தானே அடித்தது 2011 டிசம்பர் 30 விடியற்காலை. அப்போது எனக்கு 47. எங்கள் தெருவில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை. கைப்பம்பில் அடித்து அடித்துக் குடம் தூக்கினேன். வாசல் முருங்கை மரம் கூரைமேல் சாய்ந்து கிடந்தது. அதை வெட்டி இழுத்துப் போட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்தபோது சொன்னேனாம்.

அது கணக்கில் சேராது என்றேன். மரம் வெட்டினவன் சொல்லலாம், அது நியாயமான அப்பாடா. நாம் பேசுவது நாற்காலியிலிருந்து எழுந்து சோபாவில் உட்காரும்போது வருகிற அப்பாடாவைப் பற்றி.

ஜூன் 19, காலை 5:40

பஸ் பிடிக்க வேண்டியதில்லை. ஆனாலும் விழிப்பு வந்துவிட்டது. சட்டை போடுவதற்கு முன்பே கை சட்டைப் பையில் சில்லறை தடவுகிறது. இதற்கு ஒரு இழை (த்ரெட்) தனியாக ஆரம்பிக்கலாம்.

ஜூன் 19, மாலை

யோசித்துப் பார்த்தேன். உட்காரும்போது அப்பாவைக் கூப்பிடுகிறோம்: அப்பாடா. எழும்போது அம்மாவைக் கூப்பிடுகிறோம்: யம்மா. கீழே இறக்கி விட அப்பா, தூக்கி விட அம்மா. குழந்தையில் நடந்தது அப்படியே திரும்புகிறது. எவ்வளவு அழகான மொழி!

ஜூன் 20

நேற்று எழுதியதை இரண்டு பேர் பாராட்டியிருக்கிறார்கள், நன்றி. ஆனால் கொஞ்சம் பின்வாங்குகிறேன். எங்கள் தெருவில் பாதிப் பேர் அப்பாவை "நைனா" என்று கூப்பிடுகிறவர்கள். அந்த வீட்டுக் கிழவர்களும் உட்காரும்போது அப்பாடாதான் சொன்னார்கள். "நைனாடா" என்று சொன்னவரை நான் பார்த்ததில்லை. எழும்போது "முருகா" சொல்கிறவர்களை எங்கே வைப்பது? தத்துவத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

ஜூன் 22

பையன் கொடுத்த யோசனை: "எண்ணிப் பாருங்கப்பா." ஒரு நாளைக்கு எத்தனை என்று குறிக்க ஒரு பாக்கெட் நோட்டு வாங்கினேன். ஆபீஸில் 31 வருஷம் வருகைப் பதிவேடு பார்த்த கை. முதல் நாள்: 17.

குறிப்பு எழுத உட்கார்ந்தபோது சொன்னதையும் சேர்த்தால் 18.

ஜூன் 23

19. ஞாயிற்றுக்கிழமை. காந்தி வீதி சண்டே மார்க்கெட் போய் இரண்டு பனியன் வாங்கினேன். அங்கே உட்கார இடம் கிடையாது, அதனால் இந்தப் பத்தொன்பதும் மீதி நேரத்தில் வந்தவை. வீட்டில் இருந்தால் 25 தாண்டியிருக்கும்.

ஜூன் 25

பஸ் பழக்கம் பற்றிக் கேட்டிருக்கிறார் ஒருவர். சொல்கிறேன், எனக்கும் இப்போது பேச அதுதான் இருக்கிறது.

நான் சேர்ந்தது 1993-ல், தென்னாற்காடு மாவட்டத்தைப் பிரித்த வருஷம். பாண்டிக்கும் கடலூருக்கும் சுமார் 22 கிலோமீட்டர். போக வர 44. வருஷத்துக்கு 250 நாள் என்று வைத்தால் 11,000. முப்பத்தொரு வருஷத்துக்கு 3,41,000 கிலோமீட்டர். நிலா 3,84,400 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. இன்னும் நாலு வருஷம் வேலை நீட்டித்துக் கொடுத்திருந்தால் நிலாவில் இறங்கியிருப்பேன். போகிற வழி முழுக்க அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் என்று கண்டக்டர் கூவிக்கொண்டே வருவார். முள்ளோடையில் மாநிலம் மாறும். அங்கே இறங்கி, கொஞ்ச நேரம் கழித்து நாக்குக் குழறி வேறு பஸ் ஏறுகிறவர்களின் கதைகள் தனி.

இத்தனை வருஷத்தில் நான் கற்ற ஒரே வித்தை, வெயில் படாத சீட். காலையில் போகும்போது வலப்பக்கம் உட்கார வேண்டும், மாலையில் வரும்போது இடப்பக்கம். ஒரு நாள்கூட மாற்றியதில்லை.

ஜூன் 25, ஒரு மணி நேரம் கழித்து

இல்லை. தப்பு. காகிதத்தில் அம்புக்குறி போட்டுப் பார்த்தேன். காலையில் தெற்கே போகிறோம், சூரியன் கிழக்கே, அதாவது இடப்பக்கம். மாலையில் வடக்கே வருகிறோம், சூரியன் மேற்கே, அதுவும் இடப்பக்கம்! ஆக இரண்டு வேளையும் நான் உட்கார்ந்தது வலப்பக்கம். உடம்புக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை.

ஜூன் 26

"வெயிலும் இல்ல, வித்தையும் இல்ல. இடப்பக்கம் லேடீஸ் சீட்" என்று வீட்டுக்காரி ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

31 வருஷ ஞானம் போச்சு.

ஜூன் 29

இந்த மாதம் பாண்டியில் பஸ் ஸ்டாண்டு வேலை நடக்கிறது என்று பஸ்களையெல்லாம் ஏ.எஃப்.டி. (ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ் மில்) திடலுக்கு மாற்றிவிட்டார்கள். எங்கள் வீட்டுக்குப் பக்கம். நான் தினம் பஸ் ஏறின வரைக்கும் பஸ் ஸ்டாண்டு தூரத்தில் இருந்தது. ரிட்டையர் ஆன மாதமே வாசலுக்கு வந்து நிற்கிறது. என்ன சொல்ல.

ஏ.எஃப்.டி. என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். எங்கள் வாயில் அது ரோடியர் மில். 1898-ல் ஆரம்பித்தது. ஊர் பேரை 2006-ல் புதுச்சேரி என்று மாற்றினார்கள், நான் இன்னும் பாண்டி என்கிறேன். மில்லுக்கும் அதே கதி. நாக்கு ஒரு பேரைத்தான் படிக்கும் போல.

ஜூலை 2

மில் பற்றிக் கேட்டதால். இது சிரிப்புக்காக ஆரம்பித்த இழை, கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா அந்த மில்லில் தறி ஓட்டினார். 38 வருஷம். எட்டு மணி நேரமும் நின்றபடி. தறிக்கும் தறிக்கும் நடுவே உள்ள சந்தில் முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருக்க வேண்டும். இழை அறுந்தால் நிறுத்து, முடி போடு, ஓட்டு. ஊடை (குறுக்கு நூல்) தீர்ந்தால் நாடாவில் தார்க்குச்சி (நூல் சுற்றிய குச்சி) மாற்று. அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் பேச்சு கேட்காது, உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வார்கள். அதனால் தறிக்காரர்களுக்கெல்லாம் காது மந்தம். எங்கள் தெருவே சத்தமாகப் பேசும் தெரு. வெளியூரிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள், உள்ளே ஏதோ சண்டை என்று திரும்பிப் போன கதை எங்கள் சொந்தத்தில் உண்டு.

ஷிப்டு முடிந்ததும் சங்கு ஊதும். அம்மா அடுப்பில் பாலை வைப்பாள். பால் பொங்குவதற்கும் அப்பா திண்ணைக்கு வருவதற்கும் சரியாக இருக்கும். தலைமுடி, புருவம், காது மடல் எல்லாம் பஞ்சு. உட்கார்ந்து ஒரு "அப்பாடா" போடுவார் பாருங்கள், நாலாவது வீட்டில் கேட்கும். தன் குரல் தனக்குக் கேட்காதவர் போட்ட சத்தம். அது வரைக்கும் யாரும் அவரிடம் ஒன்றும் பேசக் கூடாது. அது முடிந்தால் பேசலாம். எங்கள் வீட்டு ஷிப்டு அந்தச் சத்தத்தில்தான் மாறும்.

ஜூலை 2, இரவு

எண்ணிக்கை: 22. மத்தியானம் முழுக்க நாற்காலியில் இருந்தேன்.

ஜூலை 5

பீச் ரோட்டுக்குப் போனேன். மாலை 6 மணியிலிருந்து வண்டிகளை விடுவதில்லை, அதனால் நடைக்கு நம் வயசுக் கூட்டம் நிறைய. நூறு அடிக்கு ஒரு முறை கைப்பிடிச் சுவரில் உட்கார்கிறார்கள். காந்தி சிலை பக்கத்தில் அரை மணி நேரம் நோட்டும் கையுமாக நின்றேன். அப்பாடா 11, முருகா 4, பேர் தெரியாத பெருமூச்சு 6, "ஓ மை காட்" 1. அந்தக் கடைசி ஆள் ஜீன்ஸ் போட்ட பையன், இருபது வயசு இருக்கும். உட்கார்ந்ததும் போனைப் பார்த்துச் சொன்னான், அது வேறு விஷயமாக இருக்கலாம்.

ஒரு போலீஸ்காரர் வந்து, "என்ன சார் எழுதுறீங்க?" என்றார். விளக்கினேன். அவர் சிவப்புத் தொப்பியைக் கழற்றி, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, சுவரில் உட்கார்ந்தார். பன்னிரண்டு.

ஜூலை 9

கேள்வி கேட்ட தம்பி (44) ஆளையே காணோம். நான் ஒருத்தன்தான் இங்கே உட்கார்ந்துகொண்டு இருக்கிறேன். அப்பாடா.

ஜூலை 14

இன்று பிரெஞ்சுக்காரர்களின் தேசிய நாள். பீச் ரோட்டில் போர் நினைவுச் சின்னத்தில் மலர்வளையம் வைத்தார்கள். அதைப் பார்த்ததும் எங்கள் சொல்தா தாத்தா ஞாபகம். வெளியூர்க்காரர்களுக்கு: பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை இங்கே சொல்தா என்போம். எங்கள் தெருக் கோடியில் ஒருவர் இருந்தார். அல்ஜீரியா வரை போய் வந்தவர். இந்த ஒரு நாள் கோட்டு, மெடல் எல்லாம் போட்டுக்கொண்டு கிளம்புவார். மற்ற 364 நாளும் லுங்கி.

அவர் உட்காரும்போது "ஊஃப்" என்பார். சுத்தமான பிரெஞ்சு. எழும்போது "முருகா". அப்பா அவரைக் கேலி செய்வார்: "ஒக்கார்றதுக்கு அந்த கவர்மென்ட்டு, எழுந்துக்கறதுக்கு நம்ம சாமியா?"

தாத்தா திருப்பிச் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. இரண்டு மொழியில் சொன்னார்.

ஜூலை 17

ஆடி பிறந்துவிட்டது. நான் பிறந்தது குரோதி வருஷம் வைகாசி. இப்போது நடப்பதும் குரோதி. அறுபது வருஷச் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றி என் காலடியில் வந்து நிற்கிறது. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் செய்ய வேண்டும் என்று மச்சான் வைகாசியிலேயே ஆரம்பித்தார். ஆபீஸ் வழியனுப்பு, அது இது என்று தட்டிக் கழித்தேன். இப்போது ஆடி, விசேஷம் கூடாது. ஆவணிக்கு நாள் கேட்டு வரலாம் என்கிறார்கள்.

எனக்கு ஒரே கவலை, ஹோமத்துக்குத் தரையில் உட்கார வேண்டும். உட்கார அப்பாடா போதும். எழ என்ன சொல்வது? முருகா, யம்மா இரண்டும் சேர்த்துச் சொன்னாலும் முட்டி கேட்காது.

ஜூலை 21

அக்கா நெல்லிக்குப்பத்திலிருந்து வந்திருந்தாள். இந்த இழையை அவளுக்குப் படித்துக் காட்டினேன். பாண்டி, கடலூர், பஸ், நிலா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். 47-ஆ 52-ஆ என்ற இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னாள்.

"டேய், நீ சொல்ல ஆரம்பிச்சது ஏழு வயசுல."

எனக்குச் சுத்தமாக நினைவில்லை. நான் இரண்டாங்கிளாஸ். பள்ளிக்கூடம் விட்டு வந்து, பையை வீசிவிட்டு, திண்ணையில் அப்பா உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, அவரைப் போலவே தொடையில் இரண்டு கையையும் ஊன்றி, தெருவுக்கே கேட்கிற மாதிரி "அப்பாடா" என்றேனாம். அக்காவும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். அம்மா உள்ளேயிருந்து வந்து நடு மண்டையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள்.

"நின்னு ஒழைச்சிட்டு வந்தவரு சொல்றதுடா அது. நீ எங்க நின்ன?"

ஜூலை 22

முன்னே 47 என்றதையும் 52 என்றதையும் அடித்துவிடவும். 7.

அதோடு ஜூன் 18-ந்தேதி "நியாயமான அப்பாடா" என்று நானே பெரிய மனிதன் மாதிரி ஒரு சட்டம் போட்டேனே, அது என் சட்டம் இல்லை. அம்மாவுடையது. ஐம்பத்து மூணு வருஷமாக மண்டையில் இருந்திருக்கிறது, குட்டு மட்டும் மறந்துவிட்டது.

ஜூலை 24

"உங்க ஆபீஸ் வேலையும் வேலைதானே, ஏன் இவ்வளவு குற்ற உணர்வு?" என்று ஒருவர். குற்ற உணர்வு எல்லாம் இல்லை. கணக்குத்தான் உதைக்கிறது. வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டேன், பஸ்ஸில் உட்கார்ந்து போனேன், ஆபீஸில் உட்கார்ந்து எழுதினேன், பஸ்ஸில் உட்கார்ந்து வந்தேன், வந்து உட்கார்ந்ததும் அப்பாடா. எதிலிருந்து ஓய்வு?

(பஸ்ஸில் எல்லா நாளும் சீட் கிடைத்தது என்று சொல்லவில்லை. முகூர்த்த நாளில் திருவந்திபுரம் கல்யாணக் கூட்டத்தோடு ஏறிப் பாருங்கள், தெரியும்.)

ஜூலை 30

1936-ல் இதே நாள், வேலை நேரத்தைக் குறைக்கச் சொல்லிப் போராடிய பாண்டி மில் தொழிலாளர்களைப் பிரெஞ்சுப் போலீஸ் சுட்டது. 12 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் இங்கே எட்டு மணி நேர வேலை வந்தது. அப்பா ஒவ்வொரு வருஷமும் இந்த நாளில் சட்டையில் ஒரு சிவப்பு ரிப்பன் குத்திக்கொண்டு போவார். எதற்கு என்று கேட்டால், "சாயங்காலம் வீட்டுக்கு வரணுமில்ல, அதுக்கு" என்பார். சின்ன வயதில் எனக்கு அது புரியவே இல்லை. தினமும்தானே வருகிறார்?

மில்லை 2020-ல் மூடிவிட்டார்கள். சங்கு அதற்கு வெகு முன்பே நின்றுபோயிருக்கும், எப்போது என்று எங்கள் தெருவில் யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஆரம்பித்த சத்தம் காதில் விழும், நின்ற சத்தம் விழாது.

எண்ணிக்கை இன்று எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 1

நேற்றைக்கு 9, இன்றைக்கு 8. எண்ண ஆரம்பித்தால் குறைகிறது. பையன், "பாத்தீங்களா, அது வயசு இல்ல, பழக்கம்" என்றான். சொல்லிக்கொண்டே பீன்பேகில் விழுந்தான். விழும்போது என்ன சத்தம் போட்டான் என்று நான் அவனிடம் சொல்லவில்லை. நோட்டின் பின்பக்கம் அவனுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 7, இரவு

திருக்கடையூர் போய் நாள் கேட்டு வந்தோம். ஆவணியில் வைத்திருக்கிறார்கள். ஹோமத்துக்கு மனைப்பலகை வேண்டாம், உயரமான முக்காலி போட்டுத் தருவார்களாம். தினமும் எத்தனை முட்டிகளைப் பார்க்கிறார்கள் அவர்கள்.

காலையில் காரைக்கால் பஸ்ஸுக்காக ஏ.எஃப்.டி. திடலுக்குப் போனோம். தற்காலிக ஸ்டாண்டு. இருந்த நாலு பெஞ்சிலும் மூட்டைகளும் குழந்தைகளும். பஸ் 42 நிமிஷம் தாமதம். நின்றோம். வீட்டுக்காரி பூக்காரியின் கவிழ்த்த கூடைமேல் உட்கார்ந்துகொண்டாள், அவர்களுக்குள் ஏதோ பேச்சு. நான் நின்றபடி, மில் கேட் எந்தப் பக்கம் இருந்தது, தறி ஷெட் எங்கே வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சோறு கொண்டுபோய்க் கொடுக்க வந்திருக்கிறேன், கேட் வரைக்கும்தான். உள்ளே விட மாட்டார்கள். இன்றைக்குத்தான் உள்ளே நிற்கிறேன், நாலு பக்கமும் பஸ்.

பஸ் வந்ததும் கூட்டம் ஏறியது. வலப்பக்கம் நிறைந்துவிட்டது. அவளோடு இடப்பக்கம் உட்கார்ந்தேன்.

அரியாங்குப்பம் தாண்டி, அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"என்ன?"

"ஒண்ணும் சொல்லலியே நீங்க, ஒக்காரும்போது."

நோட்டை எடுத்தேன். வீட்டில் 2. பஸ்ஸில் 0. கடலூர் வரை வெயில் முகத்தில்தான்.